தாத்தாவின் ஐச்சர்

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். எங்கள் தாத்தாவோ பழைய டிராக்டர்களை வாங்கிப் பழுது பார்த்து ஓட வைக்கிறார்.

இப்போது கைக்கு வந்திருப்பது ஒற்றைச் சிலிண்டர் ஐச்சர். 1959-ல் ஃபரிதாபாத்தில் இந்தியாவின் முதல் டிராக்டரைத் தயாரித்த நிறுவனம் அது. இவ்வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றே என்ஜினைக் குளிர்விக்கும். தண்ணீர் அரிதான எங்கள் பசுவந்தனைக் கரிசலுக்கு ஏற்றதல்லவா! ஆனால் என்ஜினைச் சுற்றியுள்ள வரித் தகடுகளில் தூசியும் கூளமும் அடைத்தால் சூடேறிவிடும். அவற்றைச் சுரண்டி எடுப்பது என் வேலை.

"எடைக்குப் போட்டால் பிள்ளை படிப்புச் செலவுக்காவது ஆகும்" என்கிறார் அப்பா. அதுவும் நியாயமே. புரட்டாசி உழவுக்கு ஓடினால் வைத்துக்கொள்வது, இல்லையேல் பழைய இரும்புக் கடை என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

ஆகவே தோழியரே, என் நகக்கண்ணில் கிரீஸ் தெரிந்தால் சிரிக்காதீர்கள்!