பழைய செப்டிக் டேங்கை எடுக்க ஆள் கூப்பிடப் போறீங்களா? ஒரு நிமிஷம்

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு டவுன்ஷிப்புக்கு வெளிய வீடு வாங்குறது நெய்வேலில சகஜம். எங்க அப்பாவும் இந்திரா நகர் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினார். கொல்லைல மூடிக் கிடந்த ஒரு செப்டிக் டேங்க். அதை எடுத்துட்டுப் புதுசு கட்டணும்.

முதல்ல வந்த கான்ட்ராக்டர் சொன்னது: "தண்ணிய லாரி உறிஞ்சிடும் சார். அடில இறுகினதை நம்ம பையன் இறங்கி அள்ளிடுவான்." ரேட்டும் கம்மி. அப்பா கிட்டத்தட்ட சரின்னுட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கேஷுவாலிட்டில நான் புதுசா இருந்தப்போ ஒரு ராத்திரி ரெண்டு பேரைக் கொண்டு வந்தாங்க. டேங்குக்குள்ள விழுந்தவர் ஒருத்தர், அவரைத் தூக்க இறங்கினவர் இன்னொருத்தர். ரெண்டு பேருக்கும் நாங்க செய்ய எதுவுமே மிச்சம் இல்லை.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். காத்தை விடக் கனம், அடில தங்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அளவு 100 பிபிஎம் தாண்டினா மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்"னு நினைக்கிற இடம்தான் ஆபத்தான இடம். 700, 1000னு போனா ரெண்டு மூச்சுல ஆள் சாஞ்சிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

விளக்கை இறக்கிப் பாத்துட்டு இறங்குவோம்னு பெரியவங்க சொல்வாங்க. அது ஆக்சிஜன் குறைஞ்சா மட்டும்தான் அணையும். ஆளைக் கொல்ற அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் ஜம்முன்னு எரியும். மீத்தேன் இருந்தா வெடிக்கவும் செய்யும்.

அப்பாகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "பிளான்ட்ல பெர்மிட் இல்லாம, கேஸ் டெஸ்ட் பண்ணாம எந்த டேங்குக்குள்ளயாவது தலையை விட்டிருக்கீங்களாப்பா?" 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இருக்கு அது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

வீட்டுக்கும் சட்டம் இருக்கு. 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாம செப்டிக் டேங்க்ல ஆளை இறக்கினா, முதல் தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். கான்ட்ராக்டர் மூலமா இறக்கினாலும் வீட்டுக்காரர் தப்ப முடியாது. சாக்கடைல இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. 2014ல அது 10 லட்சம்.

அப்புறம் எப்படி எடுத்தோம்? லைசென்ஸ் உள்ள லாரி வெச்சிருக்கிற வேற ஆள். (14420க்கு அடிச்சாலும் வழி சொல்வாங்க.) முதல் நாள் உறிஞ்சினாங்க. அடி சகதில தண்ணிய வேகமா பீச்சிக் கரைச்சு மறுபடி உறிஞ்சினாங்க. மூடியெல்லாம் திறந்து வேலி கட்டிப் போட்டோம். அப்புறம் ஜேசிபி மேல நின்னே சுவத்தை உடைச்சு, சுண்ணாம்பு தூவி, மண் கொட்டி மூடுச்சு. யாரும் இறங்கலை. கூடுதல் செலவு 6,000 ரூபாய். ஒரு ஸ்மார்ட் வாட்ச் காசு.

யாராவது உள்ள விழுந்துட்டா, தயவுசெஞ்சு பின்னாடியே குதிக்காதீங்க. தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. ஒருத்தரைத் தூக்கப் போய் மூணு பேர் போன செய்தி எத்தனை படிச்சிருப்பீங்க.

முதல்ல வந்த கான்ட்ராக்டர் கூட வந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். கிளம்பும்போது கேட்டேன், "நீ இதுக்கு முன்ன இறங்கியிருக்கியாப்பா?"

"நாலஞ்சு தடவை டாக்டர். தலை சுத்துச்சுன்னா கயித்தை ஆட்டுவேன், மேல இழுத்துடுவாங்க."