சேர்ந்தவர்

'பிலாங்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த அர்த்தம் ஒன்றுதான்: 'சொந்தமாக இரு'. ஆனால் அந்தச் சொல் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அதைப் பொறுத்து ஆள் மாறிவிடும். 'டு' வந்தால் பேனா என்னுடையதாகும், அல்லது நான் ஒரு சங்கத்தின் உறுப்பினராவேன். 'இன்' வந்தால் தட்டு அலமாரியில் இருக்கவேண்டிய பொருளாகும். பக்கத்தில் எதுவுமே வராமல் 'ஐ டோன்ட் பிலாங்' என்று நின்றால், அதைத் தமிழில் ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 'இங்க ஒட்ட மாட்டேங்குது' என்பது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

நாம் 'இந்தப் பேனா என்னோடது' என்று வினைச்சொல்லே இல்லாமல் முடித்துவிடுகிறோம். 'உங்களுக்கு எந்த ஊரு?' என்ற கேள்வியிலும் வினை கிடையாது. ஊரை யாரோ நமக்குக் கொடுத்து வைத்திருப்பதுபோல ஒரு 'கு' மட்டும். 'சொந்தம்' என்றால் சொத்தும்தான், உறவும்தான்.

'ஐ ஆம் பிலாங்கிங் டு சென்னை' என்று இன்டர்வியூவில் சொன்னால் சிரிப்பார்கள். பிலாங் ஒரு நிலையைச் சொல்லும் வினை, அதனால் 'இங்' சேராது என்பது இலக்கணம். சொல்கிறவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஊரோடு ஒட்டுகிற வேலை பலருக்கு இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது?

செய்தித்தாள் தமிழ் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறது: 'அண்ணனூரைச் சேர்ந்தவர்'. 'வீடு போய்ச் சேர்ந்தேன்' என்கிறோமே, அதே சேர்தல். அதுவும் இறந்தகாலம். ஒருமுறை வந்து சேர்ந்தாயிற்று, அவ்வளவுதான். பத்திரம், பட்டா எதையும் அந்தச் சொல் கேட்பதில்லை.

திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிற அண்ணனூரில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் இப்படி வந்து சேர்ந்தவர்கள்தான். அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டேங்க் ஃபேக்டரி, இங்கேயே இருக்கிற மின்சார ரயில் ஷெட் என்று ஏதோ ஒரு வேலை இழுத்து வந்தது. அப்பா செய்யாறு பக்கத்திலிருந்து எஸ்டேட்டில் லேத் ஓட்ட வந்தார். 26 வருஷத்தில் ஐந்து வாடகை வீடு, ஐந்தும் அண்ணனூரிலேயே. ஊரில் இருந்த வீட்டைப் பாகம் பிரித்து விற்று வருஷக்கணக்காகிறது. இருந்தும் யார் கேட்டாலும் 'நமக்கு செய்யாறு' என்பார்.

போன தை மாசம் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் அது பிரச்சினையாக வந்தது. அப்பா பெயருக்குக் கீழே 'செய்யாறு' என்று பெரிதாக, அடைப்புக்குறிக்குள் 'தற்போது அண்ணனூர்' என்று மாதிரி வந்திருந்தது. அதே வாரம்தான் ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். தங்கச்சி அடைப்புக்குறியை எடுக்கச் சொன்னாள். "நான் பொறந்ததே இங்கதான்ப்பா. என்னது தற்போது?"

"நாளைக்கே காலி பண்ணணும். எதை நம்பி இதை ஊருன்னு போடுறது?" என்றார் அப்பா.

அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. "காலி பண்ணிட்டு எங்க வீடு பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"இங்கதான், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்."

சொல்லிவிட்டு அப்பா கொஞ்ச நேரம் மாதிரிப் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டார்.