ஃபீஸ் கட்ட முடியாதவரின் சிம்பொனி

வசிலி கலின்னிகோவ் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது யூடியூபில்தான். சைக்கோவ்ஸ்கி முடிந்ததும் தானாக ஓட ஆரம்பித்தது, ஜி மைனரில் அமைந்த அவருடைய முதல் சிம்பொனி. யார் இந்த ஆள் என்று தேடியபோது கிடைத்தது பெரும்பாலும் காசு பற்றிய கதை.

1866இல் ஓரியோல் மாகாணத்தின் வோயின் கிராமத்தில் பிறந்தார். அப்பா போலீஸ் அதிகாரி, வசதி கிடையாது. ஓரியோலில் குருமடப் படிப்பு. 14 வயதிலேயே அங்கே பாடகர் குழுவை நடத்தினார். பிறகு மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சேர்ந்து சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார். திறமை போதாமல் இல்லை, ஃபீஸ் கட்ட முடியாமல். பில்ஹார்மோனிக் சங்கத்தின் இசைப்பள்ளி உதவித்தொகை கொடுத்தது, பஸூன் படிக்க. வயிற்றுப்பாட்டுக்கு நாடக அரங்க வாத்தியக் குழுக்களில் பஸூன், டிம்பனி, வயலின் என்று எது கிடைத்ததோ அதை வாசித்தார். அடுத்தவர் இசையைக் கூலிக்குப் பிரதி எடுத்தார்.

1892இல் சைக்கோவ்ஸ்கி பரிந்துரைத்து மாலி தியேட்டரில் நடத்துநர் வேலை கிடைத்தது. அது நிலைப்பதற்குள் காசநோய். கிரிமியாவுக்குப் போக வேண்டியதாயிற்று.

1894–95இல், அந்த நோயோடுதான் முதல் சிம்பொனியை எழுதினார். அதன் இரண்டாம் பகுதியை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஹார்ப்பும் வயலின்களும் கடிகாரம் மாதிரி மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். தூக்கம் வராத இரவில் கேட்கிற சத்தம். அதன்மேல் காரங்கிலே ஒரு மெட்டை எடுக்கும். எங்கேயும் அழுகை இல்லை. அவசரமும் இல்லை. வாத்தியக் குழுவின் பின்வரிசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவருக்கு, எந்த வாத்தியம் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

1897இல் கீவ் நகரில் வினோகிராட்ஸ்கி அதை முதலில் நடத்தினார். நடுப் பகுதிகளைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டது கூட்டம். ஆனாலும் யால்டாவில் வறுமை தீரவில்லை. அங்கே பார்க்க வந்த ராக்மனினவ், அதிர்ந்துபோய், அவருடைய பாடல்களைப் பதிப்பாளர் யுர்கென்சனிடம் கொண்டுபோய் விற்றுக் கொடுத்தார். 1900இல் சிம்பொனியும் அச்சானது.

1901 ஜனவரியில், 35 வயது முடிய இரண்டு நாள் இருக்கும்போது, கலின்னிகோவ் இறந்தார். மிச்சமிருந்த படைப்புகளுக்கு அவர் மனைவி எதிர்பார்க்காத பெரிய தொகையை யுர்கென்சன் கொடுத்தாராம். மரணம் அவற்றின் மதிப்பைப் பத்து மடங்காக்கிவிட்டது என்று காரணமும் சொன்னாராம்.

யுர்கென்சனைக் கல்நெஞ்சக்காரர் என்று என்னால் திட்ட முடியவில்லை. சந்தை நிலவரத்தை ஒளிக்காமல் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் கீவில் கைதட்டியவர்கள் கேட்டதும் இதே இசைதானே? அந்த ஏறக்குறைய நான்கு வருடத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை.