மணிக்கட்டைப் பிடித்தவர்கள்

காலை நேரத்தில் சர்க்கஸ் கூடாரத்துக்குள் நுழைந்தால் மரத்தூள் வாசனையும் ஈரத் தார்ப்பாய் வாசனையும்தான் முதலில் வரும். கண்ணூரில் முகாமிட்டிருந்த அந்தக் கூடாரத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வளையத்துக்கு நடுவே ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து இடது மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். முதல் சில சுற்றுகள் இறுக்கமாக, கடைசிச் சுற்று கொஞ்சம் தளர்வாக. முனையைப் பல்லால் கடித்து இழுத்து உள்ளே செருகினார். விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார். மனசுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, முழுவதையும் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

ட்ரபீஸ் ஆட்டத்தில் அவர் கேட்சர். எதிர்ப்பக்க ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி, பறந்து வருகிறவர்களைப் பிடிப்பவர். நேபாளத்துக்காரர், வாழ்க்கையில் பாதிக்கு மேல் இந்தியக் கூடாரங்களிலேயே கழித்தவர். இந்தியும் மலையாளமும் கலந்த அவர் பேச்சை எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர். கூடாரத்தின் கயிறும் தார்ப்பாயும் அவர் பொறுப்பு.

"உள்ளங்கையைப் பிடிச்சா ஒருத்தர் வழுக்கினாலும் முடிஞ்சு போச்சாம் சார். மணிக்கட்டைப் பிடிச்சா ரெண்டு பேருமே பிடிக்கிறாங்க. ஒரு பிடி தளர்ந்தாலும் இன்னொரு பிடி இருக்கும்ங்கிறார்."

கையில் வெள்ளைப் பவுடரைத் தேய்த்துக்கொண்டு எழுந்த கேட்சர் நேரே ஏணிக்குப் போகவில்லை. வலையைச் சுற்றி நடந்தார். வலையை இழுத்துப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கயிற்றிலும் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினார். ஒரு முடிச்சில் நின்று விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, விளாத்திகுளத்துக்காரரைக் கூப்பிட்டு அதை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். ராத்திரி பெய்த மழையில் கயிறு நனைந்திருந்தது. வலை தொய்ந்தால் விழுகிறவரின் முதுகு தரையைத் தொடும். அளவுக்கு மேல் விறைத்தால் விழுந்தவரை வெளியே தூக்கி எறியும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். அவர் சரி என்று தலையசைத்த பிறகே மற்றவர்கள் ஏணியில் கால் வைத்தார்கள்.

பயிற்சியின்போது ஒரு பெண் தவறினாள். இருபது வயது இருக்கும். ஊஞ்சலை விட்டு ஒரு குட்டிக்கரணம் அடித்துக் கையை நீட்டினாள். விரல்கள் உரசியதோடு சரி. விழும்போதே தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு உடம்பைத் திருப்பி, முதுகு முதலில் படும்படி வலையில் இறங்கினாள். மேலே ஆடிக்கொண்டிருந்த கேட்சர் ஏதோ சத்தமாகச் சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்தேன். "நீ வந்த நேரம் சரி, நான்தான் முந்திட்டேன்" என்று சொன்னாராம். கீழே வந்ததும் கேட்டேன், அது உண்மைதானா என்று. யார் தவறு என்பது முக்கியமில்லை என்றார். விழுந்தவள்மேல் பழியைப் போட்டால் அடுத்த தடவை அவள் கை பாதியில் நிற்கும். பாதியில் நிற்கும் கையை எந்த கேட்சராலும் பிடிக்க முடியாது.

ஆட்டம் நடக்கும்போது கூட்டம் பறப்பவர்களைத்தான் பார்க்கிறது. கேட்சரின் முகம்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்திய சர்க்கஸின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: கம்பெனி பெயர் தெரியும், முதலாளி பெயர் தெரியும், அந்தக் கம்பெனியை மணிக்கட்டில் தாங்கியவர்கள் யார் என்று தெரியாது. அவர்களைத் தேடித்தான் தலச்சேரிக்குப் போனேன்.

கேக், கிரிக்கெட், சர்க்கஸ் என்று மூன்றையும் சேர்த்துத்தான் தலச்சேரிக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசுவார்கள். மூன்றில் ஏழை வீடுகளுக்குச் சோறு போட்டது சர்க்கஸ்தான். 1880இல் மகாராஷ்டிரத்துக் குதிரைப் பயிற்சியாளர் விஷ்ணுபந்த் சத்ரே முதல் இந்திய சர்க்கஸ் கம்பெனியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனி தலச்சேரிக்கு வந்தது. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். களரி, ஜிம்னாஸ்டிக் இரண்டும் கைவந்தவர். சர்க்கஸுக்கு ஆள் தயார் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1901இல் சிறக்கரையில் அதற்கென்றே பயிற்சிக்கூடம் தொடங்கினார். 1904இல் அவருடைய மாணவர் பரியாலி கண்ணன் சொந்தமாகவே ஒரு சர்க்கஸ் கம்பெனியை ஆரம்பித்துவிட்டார். இன்னொரு மாணவர் கண்ணன் பொம்பாயோ கயிற்றின்மேல் குட்டிக்கரணம் அடித்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெயர் வாங்கினார். தீயர் சமூகத்துப் பிள்ளைகளும் மற்ற வறிய வீட்டுப் பிள்ளைகளும் ரயிலேறி நாடெங்கும் போனார்கள். நாட்டின் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஒரு காலம் வரை மலையாளம்தான் கூடாரத்துக்குள் பேசும் மொழி.

பின்னாளில் முதலாளிகளானவர்களில் பலர் பார் என்னும் கம்பியில் தொங்கியவர்கள். ஜெமினி சங்கரன் என்று அறியப்பட்ட எம்.வி. சங்கரன் 1924இல் தலச்சேரிக்குப் பக்கத்தில் பிறந்தவர். சிறுவயதில் கீலேரியிடம் கற்றார். ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்து, கீலேரியின் மாணவரான எம்.கே. ராமனிடம் மறுபடி பயின்றார். கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் பார் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். 1951இல் நண்பர் சகாதேவனோடு சேர்ந்து, நொடித்துக் கிடந்த விஜயா சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கி ஜெமினி என்று பெயர் மாற்றினார். ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் பிலிமோரா என்ற சிற்றூரில் முதல் ஆட்டம். ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்' படத்தில் நாம் பார்ப்பது இந்தக் கம்பெனியைத்தான். 1977இல் ஜம்போ சர்க்கஸையும் தொடங்கினார். 2023 ஏப்ரலில், 98 வயதில் காலமானார்.

தொங்கிய முதலாளிக்கும் தொங்காத முதலாளிக்கும் என்ன வித்தியாசம் என்று கூத்துபறம்பு பக்கத்தில் ஒரு பழைய கேட்சரைக் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர். வலது தோள் முழுதாக உயராது. டீ டம்ளரை இடது கையால்தான் எடுக்கிறார். அவர் வேலை பார்த்த ஒரு கம்பெனியின் முதலாளி ஒரு காலத்தில் பார் ஆட்டக்காரர். ஆட்டம் தொடங்கும்போது திரைச்சீலை ஓரத்தில் வந்து நிற்பாராம். பறப்பவர்களை ஏறிட்டும் பார்க்க மாட்டாராம். "என்னுடைய தோளையே பார்த்துக்கொண்டு நிற்பார். வலியை மறைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அன்று ராத்திரி தைலக்காரரை அனுப்புவார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வலி இல்லாமல் வலி என்று சொன்னாலும் தெரிந்துவிடும். அன்றைக்குச் சம்பளம் கிடையாது" என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

ஒரு காலத்தில் கம்பெனி நடத்திய ஒரு குடும்பத்தையும் பார்த்தேன். மகனுக்கே இப்போது எழுபது வயதாகிறது. அப்பா வைத்திருந்த கணக்குப் புத்தகங்களை எடுத்துக் காட்டினார். மைதான வாடகை, ரயில்வே வேகன் கட்டணம், யானைத் தீவனம், மண்ணெண்ணெய், போஸ்டர் ஒட்டியவர் கூலி. முந்நூறு வயிறு நிரம்ப வேண்டிய இடம். மழை பெய்தால் வசூல் நின்றுபோகும், சமையல் நிற்காது. ஓர் ஊரில் கிடைத்தது அடுத்த ஊரில் போய்விடும். அவர் நினைவில் ஊர்கள் எல்லாம் லாபமும் நஷ்டமுமாகவே இருந்தன. நாக்பூர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு வருடம் அங்கே இடம் போதாமல் ஜனங்களைத் திருப்பி அனுப்பினார்களாம். அந்த வசூலில் புதுக் கூடாரம் தைத்தார்கள்.

மறுநாள் அதே கம்பெனியில் ட்ரபீஸ் ஆடிய அம்மாவைப் பார்த்தபோது நாக்பூர் பற்றிக் கேட்டேன். "அங்கேதான் மோனே என் கணுக்கால் போனது" என்றார்.

அவரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஏழு வயதில் தகப்பனார் கொண்டுபோய் விட்டார். முத்திரைத்தாளில் ஒப்பந்தம், கையில் ஒரு முன்பணம். வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர் மூன்றாவது. கம்பெனியில் முதலில் கற்றுக்கொடுத்தது பறப்பதற்கு இல்லையாம், விழுவதற்கு. தாழ்வான பலகையிலிருந்து, பிறகு கொஞ்சம் உயரத்திலிருந்து, கடைசியில் மேல் பலகையிலிருந்து விழவிட்டார்கள். காலை ஊன்றி விழுந்தால் முட்டி போகும், முகம் பட்டால் கழுத்து போகும். பயந்து அழுதால் அடி. அடித்த ஆசானே ராத்திரி எண்ணெய் போட்டு உருவிவிடுவார். பதினைந்து வயதில் போஸ்டரில் அவர் படம் வந்தது, பெயர் இல்லாமல். சம்பளம் மணியார்டராக ஊருக்குப் போனது. அக்காவின் கல்யாணமும் தம்பியின் படிப்பும் வீட்டுக் கூரையில் இன்று இருக்கும் ஓடும் அந்தப் பணம். எவ்வளவு சம்பளம் என்று அவருக்கே இருபது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலாளியைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "டைபாயிடு வந்து படுத்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். தகப்பன் போல" என்றார். கணுக்கால் முறிந்த மாதம் சம்பளம் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. அதைச் சொல்லும்போது அவரிடம் கோபம் இல்லை. எனக்கு இருந்தது. தகப்பன் போல என்ற சொல்லுக்குள் பாசமும் இருக்கிறது, கணக்கு கேட்க முடியாத நிலைமையும் இருக்கிறது. அந்த முதலாளி நல்லவர் என்பதை நான் நம்புகிறேன். சம்பளம் தராதது அநியாயம் என்பதும் என் எண்ணம். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுத்தர எனக்கு மனமில்லை.

சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் அறிவிப்பை வெளியிடும்படி 2011இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன்பே, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டக்கூடாது என்ற 1998 அறிவிப்பை அதே நீதிமன்றம் 2001இல் உறுதிப்படுத்தியிருந்தது. சர்க்கஸ் செத்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்று முதலாளி வீடுகளில் சொல்கிறார்கள். வசூல் விழுந்தது உண்மை. ஆனால் அந்த அம்மாவிடம், உங்கள் பேத்தியை ஏழு வயதில் அனுப்பியிருப்பீர்களா என்று கேட்டபோது அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு குழந்தைகளுக்கான அந்தத் தடை தேவையா என்ற பேச்சுக்கே இடமில்லை. தேவைப்பட்டது வேறு: வளர்ந்தவர்களுக்கு முறையான பயிற்சி, காப்பீடு, விழுந்தால் சம்பளம். 2010இல் தலச்சேரியில் கேரள அரசே ஒரு சர்க்கஸ் பயிற்சி மையம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. நலிந்த கலைஞர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கிறது, அது பெரிய ஆறுதல்தான். 2020 ஊரடங்கில் கூடாரங்கள் நின்ற ஊரிலேயே நின்றன. சக்கரத்தின் மேல் வாழ்ந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். இன்று தலச்சேரிப் பிள்ளைகள் சர்க்கஸில் சேர்வதில்லை. நேபாளம், வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், எத்தியோப்பியா, தான்சானியா என்று ஆட்கள் வருகிறார்கள். கண்ணூர்க் கூடாரத்தில் கேட்சருக்கு மாற்று ஆள் கிடையாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் ட்ரபீஸ் இல்லாமல்தான் அன்றைய ஆட்டம். தோள் இருக்கும் பையன்கள் எல்லோரும் பறக்க வேண்டும் என்கிறார்கள், தலைகீழாகத் தொங்க யாரும் வருவதில்லை என்று விளாத்திகுளத்துக்காரர் வருத்தப்பட்டார்.

விடைபெறும் நேரத்தில் அந்த அம்மா பீரோவிலிருந்து ஒரு பெரிய புகைப்படத்தை எடுத்துவந்தார். கம்பெனியின் மொத்தப் படம். முன்வரிசை நடுநாற்காலியில் முதலாளி. அட்டையின் அடியில் அவர் பெயரும் கம்பெனியின் பெயரும் ஊரும் அச்சில் இருக்கின்றன. பின்னால் மூன்று வரிசையில் நிற்பவர்களுக்குப் பெயர் இல்லை. யார் யார் என்று கேட்டேன். விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்: பெயர், சொந்த ஊர், என்ன ஆட்டம், எங்கே விழுந்தார், இப்போது இருக்கிறாரா. பேரன் பேனாவோடு வந்து உட்கார்ந்து அட்டையின் பின்பக்கம் எழுதத் தொடங்கினான். பாண்டு வாசித்தவர்கள், யானைக்காரர், சமையல்காரர், சைக்கிள் ஓட்டிய அக்கா தங்கை என்று ஒருவரையும் விடவில்லை. மூன்றாம் வரிசையில் இரண்டு முகங்களுக்கு மட்டும் பெயர் வரவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கூத்துபறம்பில் இருக்கும் கேட்சருக்குத் தெரியும், அவன் யார் மணிக்கட்டையும் மறக்க மாட்டான் என்றார். நாளைக் காலை அங்கே போக ஆட்டோவுக்குச் சொல்லிவைக்கும்படி பேரனிடம் சொல்லிவிட்டு, எழுதியவரைக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார்.