சுவருக்கு வாய் உண்டு

பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் கடையின் டியூப்லைட்டை அவ்வளவாக நம்புவதில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே கறுப்பாகத் தெரிந்தது வெளியில் அடர்நீலமாக இருக்கும். ஆரணிப் பக்கத்து நெசவாளர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

பாட்டுக்கும் அப்படி ஒரு பகல் வெளிச்சம் உண்டு. ஸ்டூடியோ மானிட்டர் என்று பெயர். டி.வி. பெட்டி இல்லை, ஸ்பீக்கர்தான். நம் வீட்டு ஸ்பீக்கர் கொஞ்சம் முகஸ்துதி செய்யும். பேஸைக் கூட்டும், ஜால்ராவைப் பளபளப்பாக்கும். மானிட்டர் முடிந்தவரை உள்ளதை உள்ளபடி சொல்லும். யமஹா என்.எஸ்.10 என்று ஒன்று, வெள்ளைக் கோன் வைத்தது. 1978-ல் வீட்டு உபயோகத்துக்குத்தான் வந்தது. வீடுகளில் எடுபடவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். 'இதில் நன்றாக ஒலித்தால் எதிலும் நன்றாக ஒலிக்கும்' என்று ஒரு நம்பிக்கை. 2001-ல் உற்பத்தி நின்ற பிறகும் பல ஸ்டூடியோக்களில் அது இருக்கிறது.

சரி, நல்ல மானிட்டர் வாங்கிவிட்டால் போதுமா? போதாது. தெள்ளாரில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இதில்தான் மாட்டிக்கொண்டான்.

தெள்ளார் என்றதும் மூன்றாம் நந்திவர்மன் ஞாபகம் வருகிறதா? ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே போரில் ஜெயித்து 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் பெற்ற பல்லவன். நந்திக் கலம்பகத்தைக் கேட்டபடியே உயிரை விட்டான் என்று ஒரு கதையும் உண்டு. பையனுக்கு அப்பா தறி நெய்கிறவர். தாத்தா தெருக்கூத்து வாத்தியார், எண்பதைத் தாண்டியவர். அவர் பாடும் கூத்துப் பாட்டுகளை எப்படியாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று பையனுக்கு வெறி. மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்த்து ரெக்கார்டிங் முடித்துவிட்டான். அப்பாவின் இரண்டு மாத நெசவுக் கூலியில் மானிட்டரும் வாங்கியாயிற்று.

"இங்க கேட்டா சூப்பரா இருக்கு சார். பக்கத்து வீட்டுக் கார்ல போட்டா மிருதங்கத்துல தொப்பியே கேக்கல. தாத்தா குரல் தகர டப்பாவுல இருந்து வர்ற மாதிரி இருக்கு. தாத்தா இன்னொரு தரம் பாடுவாரான்னு தெரியல சார்" என்றான்.

"ரூம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பத்துக்குப் பத்து. உயரமும் பத்து."

வந்தது வினை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால், 56 ஹெர்ட்ஸ் அலை போய்த் திரும்பி தன்மேலேயே ஏறிக்கொள்ளும். சுவரோரம் அது பூதமாகக் கேட்கும். நடு அறையில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று ஜோடிச் சுவர்களும் ஒரே சுருதியில் ரகளை. பையன் உட்கார்ந்திருந்தது சுவரில் சாய்ந்து. பேஸ் அதிகமாகக் கேட்டது, குறைத்தான். குறைத்தது பாட்டிலிருந்து, அதிகமாக இருந்தது அறையில்.

இந்தச் சங்கடம் பழையது. 1895-ல் ஹார்வர்டில் புதிய உரைக்கூடம் ஒன்றில் பேச்சே புரியவில்லை. ஒரு சத்தம் அடங்க ஐந்தரை விநாடி. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கி, ராத்திரி ராத்திரியாக ஒரு ஆர்கன் குழலை ஊதவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் கணக்கெடுத்தார். சத்தம் அடங்கும் நேரத்தை, அறையின் கன அளவும் உள்ளே ஒலியை உறிஞ்சும் பொருள்களும் தீர்மானிக்கின்றன என்று சூத்திரமே எழுதினார். கட்டட ஒலியியல் என்ற இயலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

உங்கள் வீட்டிலும் பையனோ பெண்ணோ பெட்ரூமில் மிக்ஸிங் செய்துகொண்டிருக்கலாம். தடுக்காதீர்கள். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டித்தான் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். பையனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது மட்டத்தில். மூலையில் ஸ்பீக்கர் வேண்டாம். பத்தடி அறையில் முன்சுவரிலிருந்து நாலடி தள்ளி உட்காருங்கள். நண்பர் ஒருவரைப் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் முதல் எதிரொலி. நாலு அங்குல ராக்வுல் பலகையைத் துணி போர்த்தி அங்கே மாட்டுங்கள். மூலைகளுக்கு இன்னும் தடிமனாக. முட்டை அட்டை ஒட்டாதீர்கள், பேஸ் அதைச் சட்டையே செய்யாது. சத்தத்தைப் பேச்சளவுக்கு வையுங்கள். முதலில் உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளை அங்கே போட்டுக் கேட்டு, அறையின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பையன் மேஜையை நகர்த்தினான். பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் நிறுத்தினான். இரண்டு பலகை செய்தான். மறுபடி முதலிலிருந்து மிக்ஸ் பண்ணினான். இப்போது காரிலும் தொப்பி கேட்டது.

தாத்தாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். கண்ணை மூடிக் கேட்டவர், "மூணாவது பாட்டுல எனக்கு மூச்சு வாங்குதுடா" என்றாராம்.

"எடுத்துடட்டுமா தாத்தா?"

"வாணாம், இருக்கட்டும். நான்தானே அது."