கேட்போரும் பயனும்

நுழையும்முன்

கவிதையும் கதையும் படிப்போர் உள்ளத்தில் நிலைத்து நிற்பவை. விண்ணப்பம், திட்ட அறிக்கை, செய்முறைக் குறிப்பு முதலியவை ஒரு செயலை நடத்திவைப்பவை. பின்னதைப் பயன்பாட்டு எழுத்து என்பர். தொழில் தொடங்க விரும்புவோரும் இணையத்தில் எழுதத் தொடங்குவோரும் இவ்வெழுத்தில் தேர்ச்சி பெறுதல் இன்றியமையாதது. அத்தேர்ச்சிக்கு வழிகாட்டும் நெறிகள் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளன.

பாயிரம் தரும் பாடம்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு முகமாக அமையும் பாயிரத்தின் இலக்கணத்தை விரித்துரைக்கிறது. சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டிய எட்டுச் செய்திகளுள் இறுதி இரண்டு கேட்போர், பயன் என்பன. இந்நூலைக் கற்றற்குரியவர் யார், கற்பதனால் அவர் அடையும் நன்மை யாது என்பவற்றை நூலின் வாயிலிலேயே அறிவித்துவிட வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி.

பயன்பாட்டு எழுத்தின் அடிப்படை இவ்விரு சொற்களுள் அடங்கும். தையற்கலையில் கைதேர்ந்த ஒருவர், தம் திறமையையும் தேவையையும் தாளில் விளக்கத் தெரியாமையால் கடன் பெறாமல் திரும்புவதுண்டு. அவரிடம் தொழிலறிவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. தாம் எழுதுவதை யார் படிப்பார், அவர் எதை அறிய விரும்புவார் என்ற எண்ணம் மட்டும் இல்லை. அக்குறை ஒரு குடும்பத்தின் வருவாயையே தடுத்துவிடுகிறது.

மேசையின் மறுபுறம்

தொழிற்கடன் கோரி வங்கிக்கோ மாவட்டத் தொழில் மையத்திற்கோ அளிக்கும் ஆவணம் திட்ட அறிக்கை எனப்படும். அதனைப் படிக்கும் அலுவலர் முன் அத்தகைய அறிக்கைகள் பல இருக்கும். விண்ணப்பித்தவரின் ஊரையோ உழைப்பையோ அவர் நேரில் கண்டிருக்க மாட்டார். பொதுமக்கள் சேமித்த பணத்தைக் கடனாக வழங்கும் பொறுப்பு அவருடையது. எனவே அவர் மனத்தில் சில வினாக்கள் இயல்பாக எழும். என்ன தொழில்? செய்பவர் யார்? எவ்வளவு பணம் தேவை? அது எவ்வெவற்றுக்குச் செலவாகும்? பொருளை வாங்குவோர் யார்? கடன் எவ்வாறு திரும்பும்? இடையூறு நேர்ந்தால் என்ன செய்யப்படும்?

இவ்வேழு வினாக்களுக்கும் இதே வரிசையில் விடையளிப்பதே நல்ல திட்ட அறிக்கை. முதற்பக்கத்தில் அவ்விடைகளின் சுருக்கம் அமைதல் வேண்டும். நூலுக்குப் பாயிரம் எவ்வாறோ, அறிக்கைக்கு அச்சுருக்கம் அவ்வாறு. அறிக்கை முழுவதையும் எழுதி முடித்த பின்னரே சுருக்கத்தை எழுதுவது எளிது.

எந்தத் திட்டத்தின்கீழ் கடன் கோரப்படுகிறது என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். சான்றாக, உற்பத்தி, வணிகம், சேவை ஆகியவற்றில் ஈடுபடும் சிறுதொழில்களுக்காக 2015 ஏப்ரல் 8 அன்று பிரதம மந்திரி முத்ரா திட்டம் தொடங்கப்பட்டது. அதில் 50,000 ரூபாய் வரையிலான கடன் சிஷு என்றும், அதற்குமேல் 5 இலட்சம் வரையிலானது கிஷோர் என்றும், அதற்கும்மேல் 10 இலட்சம் வரையிலானது தருண் என்றும் வகுக்கப்பட்டன. கோரும் தொகை எப்பிரிவில் அடங்கும் என்பதை அறியாமல் எழுதும் அறிக்கை, முகவரி இல்லாத அஞ்சலைப் போன்றது.

ஒரு துணிப்பையின் கணக்கு

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. இச்சூழலில் ஐந்து பெண்கள் இணைந்து துணிப்பை தைக்கும் தொழிலைத் தொடங்க விரும்புவதாகக் கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை.

“துணிப்பைக்கு இக்காலத்தில் நல்ல வரவேற்பு உள்ளது. எங்களுக்கு உதவினால் நாங்கள் கண்டிப்பாக முன்னேறுவோம்” என்று அவர்கள் எழுதினால், அதில் பொய் இல்லை, ஆயினும் அலுவலரின் ஒரு வினாவுக்கும் விடை இல்லை. “ஐவர் நாள் ஒன்றுக்கு 300 பைகள் தைப்போம். மாதம் 25 வேலைநாள்களில் 7,500 பைகள் உருவாகும். பை ஒன்றின் விற்பனை விலை 21 ரூபாய்” என்று எழுதினால் தொழில் கண்முன் தோன்றத் தொடங்கும்.

அடுத்து, தேவைப்படும் தொகை. ஐந்து தையல் இயந்திரங்களுக்கு 1,25,000 ரூபாய். துணி வெட்டும் மேசைக்கும் கருவிக்கும் 25,000. முதல் மாதத்திற்குரிய துணி, நூல், அச்சு, கூலி, வாடகை ஆகியவற்றுக்கு 1,35,000. எதிர்பாராச் செலவுக்கு 15,000. ஆக மொத்தம் 3,00,000 ரூபாய். இதில் 30,000 ரூபாயைத் தாங்களே திரட்டுவதாகவும் எஞ்சிய 2,70,000 ரூபாயைக் கடனாக வேண்டுவதாகவும் குறிப்பிட வேண்டும். இயந்திரங்களின் விலைக்குக் கடையில் பெற்ற விலைப்புள்ளியை இணைத்தல் நன்று. தம் பங்கும் விலைச்சான்றும் உள்ள அறிக்கை நம்பிக்கையை வளர்க்கும்.

பின்னர், திருப்பிச் செலுத்தும் வழி. ஒரு பைக்குத் துணி 9 ரூபாய், நூலும் அச்சும் 2 ரூபாய், கூலி 6 ரூபாய் என 17 ரூபாய் செலவாகிறது. 21 ரூபாய்க்கு விற்றால் பைக்கு 4 ரூபாய் எஞ்சும். வாடகையும் மின்கட்டணமும் மாதம் 7,500 ரூபாய். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களில் கடனை அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 9,000 ரூபாய். இவ்விரண்டும் சேர்ந்து 16,500 ரூபாய். இத்தொகையை 4 ஆல் வகுத்தால் 4,125 கிடைக்கும். மாதம் 4,125 பைகள் விற்றாலே கூலியும் வாடகையும் தவணையும் தடையின்றிச் செலுத்தப்படும் என்பது இதன் பொருள். 7,500 பைகளும் விற்றால் 13,500 ரூபாய் மிஞ்சும். 5,000 பைகள் மட்டும் விற்றால் 3,500 ரூபாய் மிஞ்சும். ‘கண்டிப்பாக முன்னேறுவோம்’ என்னும் உறுதிமொழியைவிட 4,125 என்னும் ஓர் எண் வலிமை உடையது.

இடையூற்றை மறையாமை

திட்ட அறிக்கையில் பலரும் எழுதத் தயங்கும் பகுதி இடையூறு பற்றியது. குறையைக் கூறினால் கடன் கிடைக்காது என்னும் அச்சமே அதற்குக் காரணம். துணிப்பைக் கணக்கையே மீண்டும் நோக்கலாம். துணியின் விலை பைக்கு 2 ரூபாய் உயர்ந்தால், எஞ்சுவது 2 ரூபாயாகக் குறையும். அந்நிலையில் 7,500 பைகளையும் விற்றாலும் 15,000 ரூபாயே கிடைக்கும். தேவையோ 16,500 ரூபாய். மாதந்தோறும் 1,500 ரூபாய் பற்றாக்குறை ஏற்படும்.

விற்பனை பெருமளவு குறைந்தாலும் தாங்கும் தொழில், துணி விலையின் சிறு உயர்வைத் தாங்கவில்லை என்னும் உண்மை இதனால் வெளிப்படுகிறது. தொழிலின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இக்கணக்கை எழுதும் வரை அவ்வைவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்தபின் அவர்களால் வழி தேட இயலும். துணியை நேரடியாக நெசவாலையில் மொத்தமாக வாங்கலாம்; துணி விலை மாறினால் பையின் விலையும் மாறும் எனக் கடைக்காரர்களுடன் முன்னரே உடன்படிக்கை செய்துகொள்ளலாம். அவ்வழிகளையும் அறிக்கையில் சேர்த்தால், இவர்கள் எண்ணிப் பார்த்தே இறங்குகிறார்கள் என்று அலுவலர் உணர்வார்.

பயன்பாட்டு எழுத்தின் பெரும்பயன் இதுவே. பிறர்க்கு விளங்க எழுத முயல்பவருக்குத் தம் எண்ணமே முதலில் விளங்குகிறது. கடன் கிடைப்பதற்கு முன்பே அவ்வெழுத்து ஓர் இழப்பைத் தடுத்துவிடுகிறது.

குற்றங்களும் அழகுகளும்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் சுட்டுகிறது. அவற்றுள் சில திட்ட அறிக்கைக்கும் அப்படியே பொருந்தும். இயந்திரத்தின் விலையை எழுதி, அதனை இயக்கும் மின்கட்டணத்தை விட்டுவிடுவது குன்றக் கூறல். முதற்பக்கத்தில் 2,70,000 என்றும் நான்காம் பக்கத்தில் 2,90,000 என்றும் தொகை வேறுபடுவது மாறுகொளக் கூறல். கடன் வேண்டும் இடத்தில் பருத்தியின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதுவது மற்றொன்று விரித்தல். ‘உலகத்தரம்’, ‘மிகச் சிறந்த சேவை’, ‘அமோக வரவேற்பு’ என்று பொருளற்ற அடைமொழிகளை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல்.

குற்றம் களைந்த இடத்தில் அழகு தானே தோன்றும். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு, விளங்கும் உதாரணம் ஆகியன நன்னூல் கூறும் அழகுகளுள் சில. சுருக்கம் என்பது செய்தியைக் குறைப்பதன்று. செய்தி இல்லாத சொற்களைக் குறைப்பதே சுருக்கம்.

முகமறியா வாசகர்

திட்ட அறிக்கையைப் படிப்பது ஓர் அலுவலரின் கடமை. வலைப்பூவைப் படிப்பது எவருடைய கடமையும் அன்று. முதற்பத்தியில் பயனில்லையெனில் வாசகர் மறுநொடியே வேறிடம் செல்வார். ஆகவே இணையத்தில் எழுதத் தொடங்குவோர் கேட்போரையும் பயனையும் இன்னும் கூர்மையாக எண்ணுதல் வேண்டும்.

தலைப்பிலிருந்தே இக்கவனம் தொடங்க வேண்டும். ‘வேளாண்மை’ என்னும் தலைப்பு எல்லாருக்கும் உரியதுபோல் தோன்றினும் ஒருவரையும் அழைப்பதில்லை. ‘மாடித்தோட்டத் தக்காளிச் செடியில் இலை சுருள்வது ஏன்?’ என்னும் தலைப்பு, அச்சிக்கலால் வருந்தும் ஒருவரை உடனே நிறுத்திவிடும். அதற்குரிய விடை முதற்பத்தியிலேயே தொடங்குதல் வேண்டும். தாம் கண்டதையும் செய்து பார்த்ததையும் எழுதுவது தொடக்க நிலையினர்க்கு ஏற்றது. எந்த நாளில், எந்த ஊரில், எவ்வளவு என்னும் விவரங்கள் எழுத்துக்கு உறுதி தரும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கர் இதற்குச் சிறந்த சான்று. வணிகராகிய அவர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல்களின் வருகை, சரக்குகள், அரசியல் நிகழ்வுகள், ஊர்ச்செய்திகள் ஆகியவற்றை அக்காலப் பேச்சுவழக்கு கலந்த தமிழில் நாளும் பொழுதும் குறித்துப் பதிவு செய்தார். பின்னாளில் அது 12 தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அந்நாட்குறிப்பை நாடுகின்றனர். கண்டதைக் கண்டவாறு, கண்ட நாளிலேயே எழுதிய ஒழுங்கே அதற்கு அம்மதிப்பைத் தந்தது.

இணையத்தில் எழுதுவோர்க்குச் சில கடமைகளும் உண்டு. பிறர் எழுதியதை எடுத்தாண்டால் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். பிறர் எடுத்த படத்தை இசைவின்றிப் பயன்படுத்தலாகாது. படைப்போர் உரிமையைக் காக்க இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உள்ளது. அண்டை வீட்டாரின் துன்பத்தையோ நண்பரின் மறைச்செய்தியையோ எழுத்துக்குப் பொருளாக்குதல் தகாது. பதிவில் பிழை நேர்ந்தால் ஓசையின்றி அழித்துவிடாமல், திருத்தப்பட்டது என்று குறிப்பிடுவது நேர்மை.

எழுதிய பின்னர்

எழுதி முடித்ததை ஒரு நாள் கழித்து வாய்விட்டுப் படித்தல் வேண்டும். மூச்சு தடுமாறும் தொடரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூட்டுத்தொகைகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். பின்பு, அப்பொருளை முன்பின் அறியாத ஒருவரிடம் தந்து படிக்கச் செய்ய வேண்டும். படித்தவர், “நன்றாக இருக்கிறது” என்று பாராட்டுவதில் பெரும்பயன் இல்லை. “இதில் உனக்கு விளங்கியது என்ன?” என்று கேட்டு, அவர் தம் சொற்களில் கூறுவதைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் கருதியதும் படித்தவர் கூறியதும் ஒன்றாயின் எழுத்து தன் பணியைச் செய்துவிட்டது. வேறுபடின் திருத்த வேண்டியது எழுத்தையே, படித்தவரை அன்று.

தையல் இயந்திரத்தின் முன் அமர்பவர் அளவெடுக்காமல் துணியை வெட்டுவதில்லை. எழுத அமர்பவரும் யார்க்காக, எதற்காக என்று அளவெடுத்த பின்னரே முதற்சொல்லை எழுதுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் சிறுதொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏழு வினாக்களுக்கும் விடையளிக்கும் ஒருபக்கத் திட்டச் சுருக்கம் எழுதுக.

2. துணிப்பையின் விற்பனை விலை 22 ரூபாயாயின், செலவுகளையும் தவணையையும் ஈடுகட்ட மாதம் எத்தனை பைகள் விற்க வேண்டும் எனக் கணக்கிட்டு, முடிவை இரண்டு தொடர்களில் எழுதுக.

3. நீங்கள் செய்து பழகிய ஒரு செயலை, அதனை அறியாத ஒருவர் படித்துச் செய்யும் வகையில் வலைப்பூப் பதிவாக எழுதிப் பொருத்தமான தலைப்பிடுக.