கீசகனைக் காணோம்

எங்க அவலூர்பேட்டைப் பக்கம் கீசகன்னா தெருக்கூத்துதான். விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருக்கேன். அதே கதைதான் தென்னிந்தியாவோட முதல் ஊமைப்படம்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது!

1917-18ல சென்னையில நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்'. ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. இன்னிக்கு ஒரு பிரதிகூட இல்லை. பேர் மட்டும் மிச்சம். நடிப்பைப் பார்க்க வழியே இல்லை.

கூத்துல செத்த கீசகன் அடுத்த வருஷம் எழுந்து வந்துடுவான். ஃபிலிம்ல செத்தவன் திரும்பவே இல்லை.

எங்கூர்ல கீசகன் வேஷம் கட்டுறவருக்கு வயசாயிடுச்சு. பையன் பெங்களூர்ல வேலை பார்க்கறான். அவருக்கப்புறம்..? இந்த வருஷம் கூத்துக்குக் கண்டிப்பா ஊருக்குப் போறேன் மக்களே.